4417-க்கு முன்னால் உள்ள எழுத்தைக் கழுவிப் பார்க்க வேண்டி

அனுப்புநர்:
ப. தங்கத்தாய்,
காலஞ்சென்ற பரமசிவன் மகள்,
மேலத் தெரு, வடகரை,
தென்காசி தாலுகா.

பெறுநர்:
ஜில்லா மாஜிஸ்திரேட் அவர்கள்,
திருநெல்வேலி.

பொருள்: என் அண்ணன் சுடலையாண்டியிடமிருந்து எடுக்கப்பட்ட ரைபிளைத் தங்கள் முன்னிலையில் சுத்தம் செய்து, அதன் எழுத்தையும் எண்ணையும் சேர்த்துப் படிக்க வேண்டுவது.

கனம் பொருந்திய ஐயா,

1. எங்கள் வயல் மலையடிவாரத்தில் இருக்கிறது. பன்றிகளை விரட்டுவதற்காக என் தகப்பனார் 1912-இல் லைசென்சு பெற்று, மாற்றலாகிப் போன ஒரு காட்டிலாகா அதிகாரியிடமிருந்து லண்டன் கம்பெனி ஒன்று செய்த ரைபிளை வாங்கினார். விற்ற சீட்டு இப்போது இல்லை. பழைய லைசென்சிலும் ‘ரைபிள் ஒன்று’ என்று மட்டுமே இருக்கிறது. 1935-இல் அவர் காலமாகி, லைசென்சு அண்ணன் பெயருக்கு மாறியபோதுதான் 4417 என்ற எண் முதன்முதலாக எழுதப்பட்டது. அதற்கு முந்தைய வருஷம் சாரல் காலத்தில் குற்றாலத்தில் தங்கியிருந்த எஸ்டேட் துரை ஒருவரின் ரைபிள் பங்களாவிலிருந்து காணாமற் போயிருந்தது. அதுவும் அதே லண்டன் கம்பெனி செய்தது. போலீஸ் பட்டியலில் அதன் எண்ணும் 4417.

2. கடந்த ஜூலையில் வருஷச் சோதனைக்கு அண்ணன் எடுத்துப்போன துப்பாக்கி வீடு திரும்பவில்லை. இந்த வருஷம்தான் எண்ணைப் போலீஸ் பட்டியலோடு ஒத்துப் பார்த்தார்களாம். திருட்டுப் பொருளை வாங்கி வைத்திருந்ததாக அவர் மேல் வழக்கு. ஜாமீனில் இருக்கிறார், நவம்பர் 14 விசாரணை. ஏட்டையா எங்களிடம் கடுமையாகப் பேசவில்லை. “நம்பரு அச்சா ஒத்திருக்கு தாயி. துப்பாக்கி என்ன, ரெட்டப் பிள்ளையா பெத்துக்கிடும்?” என்றார்.

3. இம்மாதம் ஆயுத பூஜைக்குத் துப்பாக்கி இல்லாததால், பொட்டு வைக்க அதன் காலிப் பெட்டியை எடுத்தேன். மூடியின் உட்புறத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. உதிரிப் பாகம் வேண்டுவோர் எண்ணோடு அதன் முன்னுள்ள எழுத்தையும் எழுத வேண்டும் என்று அதில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. மறுநாளே விமானத் தபாலில் கம்பெனிக்கு எழுதினேன். பதில் திங்களன்று வந்தது, நகல் இணைத்திருக்கிறேன். 9999 வரை எண் போட்டதும், அடுத்த எழுத்தை முன்னால் இட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவது அவர்கள் வழக்கம். ‘எஃப்’ வரையிலான எழுத்துகள் 1911-க்கு முன் செய்தவை. ‘கே’ 4417 என்பது 1929-இல் செய்து, அந்தத் துரையின் பெயருக்கே அனுப்பியது. ஆகவே ஏட்டையாவுக்கு இன்று பதில் சொல்லலாம்: துப்பாக்கியும் பெற்றுக்கொள்ளும், ஆனால் பிள்ளைகளின் வயது வேறு.

4. அப்படியானால் எங்கள் துப்பாக்கியின் எழுத்து ஏன் யார் கண்ணிலும் படவில்லை என்று தாங்கள் கேட்கலாம். அது என் விரலின் வேலை. எனக்கு எட்டு வயதானது முதல் பூஜையன்று அதற்குச் சந்தனம் வைப்பது நான்தான். எண்ணுக்கு முன்னால் இருந்த சிறு குழியைக் காட்டி அப்பா, “இதுதாம்மா அதுக்குப் பிள்ளையார் சுழி. இங்கன வையி” என்பார். அதற்கு முன் அவரும் அங்கேதான் வைத்தார். மற்ற இடத்தைத் துடைப்போம். அந்தப் பொட்டை மட்டும் யாரும் துடைத்ததில்லை. சந்தனமும் எண்ணெய்யும் பல வருஷம் ஏறி, குழி இரும்போடு இரும்பாகிவிட்டது. 1935-இல் எண் எழுதியவர் கண்டது நான்கு இலக்கங்களைத்தான். அவர்மேல் குறையில்லை.

5. அந்த எழுத்து எதுவென்று எனக்குத் தெரியாது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். நான் முதலில் பார்த்தபோதே அது சந்தனமாகத்தான் இருந்தது. ஆனால் நான் முதன்முதலாகப் பொட்டு வைத்தது 1924-இல். ‘கே’ 4417 செய்யப்பட்டது அதற்கு ஐந்து வருஷம் கழித்து. என் நம்பிக்கை இவ்வளவே.

6. இந்த மனு அண்ணனுக்குத் தெரியாது. “ஏட்டி, நீ கோர்ட்டு கச்சேரின்னு எழுதினா உம் பேரு ஊரு வாயில கெடக்கும். எனக்கு வாரது வரட்டும், நீ சும்மா இரி” என்று முன்பே தடுத்தார். என் பெயர் கோர்ட்டில் கூப்பிடப்படாமல் இருந்தால் நல்லது. அவசியமானால் வந்து சொல்வேன்.

7. ஆகையால், விசாரணைக்கு முன் அந்த இடத்தை வெந்நீரும் மெல்லிய பிரஷும் கொண்டு கழுவி, பூதக்கண்ணாடியில் பார்க்கும்படியும், துரை ஆங்கிலத்தில் கொடுத்த மூலப் புகாரில் எண்ணுக்கு முன் எழுத்து உண்டா என்று ஒத்துப் பார்க்கும்படியும் உத்தரவிட வேண்டுகிறேன். வெளிப்படும் எழுத்து ‘கே’யாக இருந்தால் இந்தக் காகிதத்தையே அண்ணனுக்கு எதிரான சாட்சியாகச் சேர்த்துக்கொள்ளலாம். வேறு எழுத்தானால் அவரை விடுவித்து, துப்பாக்கியையும் திருப்பித் தர வேண்டுகிறேன். நெல் பால் பிடிக்கும் நாள் நெருங்குகிறது; இப்போது தகரம் தட்டித்தான் பன்றி விரட்டுகிறோம்.

திரும்பி வந்தால், வருகிற பூஜையிலிருந்து பொட்டை மரப்பிடியில் வைக்கிறேன்.

தங்கள் நீதியை எதிர்பார்த்திருக்கும்,
ப. தங்கத்தாய்

வடகரை,
26 அக்டோபர் 1938

இணைப்பு: கம்பெனிக் கடித நகல், பெட்டிச் சீட்டின் நகல்.