உரமூட்டை யூரியாவும் உன் அம்மா குதிகாலும்

கண்டாச்சிபுரம்,
சித்திரை 20

அன்பு மகள் சங்கவிக்கு அப்பா எழுதிக்கொள்வது, இங்கே நானும் உன் அம்மாவும் நலம், வழக்கத்துக்கு எழுதுகிற நலம் இல்லை இது, போன வியாழக்கிழமை விழுப்புரத்தில் டாக்டர் உன் அம்மாவின் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் புண் மூடிவிட்டது என்று சொன்னார், அந்த நலம். மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அதேபோல் சுகமாக இருக்கவேண்டும் என்று அங்காளம்மனை வேண்டிக்கொள்கிறேன். மல்லாட்டைச் செடி பிடுங்கிக் கடலையை ஆய்ந்து காயவைத்துவிட்டோம், காய் இந்த வருஷம் நல்ல திரட்சி. தினமும் போனில் பேசுகிறவர் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போன் உன் அம்மா கையில் இருக்கிறது, ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறாள், நான் இந்தப் பேச்சை எடுத்தால் தொடையில் கிள்ளுகிறாள். அதனால்தான் தபால். மாப்பிள்ளை கம்பெனிப் பெட்டிக்குத்தான் வரும், அவர் முதலில் பிரித்துப் படித்தாலும் பரவாயில்லை, அவரும் படிக்கவேண்டியதுதான்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் பாப்பா. உன் அம்மா காலில் புண் வந்தது நீங்கள் அனுப்பின கிரீமால் இல்லை. என்னால். இரண்டு மாதமாக இதைச் சொல்லாமல் நீங்கள்தான் காரணம் என்று உங்களை நினைக்கவிட்டு நான் சோறு தின்றுகொண்டிருந்தேன்.

தீபாவளிக்கு வந்தபோது மாப்பிள்ளைதான் முதலில் கவனித்தார், அத்தை குதிகால் இப்படி வெடித்திருக்கிறதே, சர்க்கரை இருக்கிறவர்கள் இப்படி விடக்கூடாதே என்று. இத்தனை வருஷமாக அவளோடு சேற்றில் நிற்கிற எனக்கு அது கண்ணில் படவில்லை. ஊருக்குப் போனதும் அந்த டியூபை வாங்கி யாரிடமோ கொடுத்து அனுப்பினார், உன் அம்மாவும் தவறாமல் போட்டாள், பொங்கலுக்குள் வெடிப்பெல்லாம் மூடிப்போய்க் கால் வழவழவென்று ஆகிவிட்டது, தெருவில் நாலு பேரிடம் காட்டிக்கூட வந்தாள். டியூப் தீர்ந்ததும் பாப்பாவிடம் கேட்கலாமா என்றாள். பொறு என்று நான்தான் தடுத்தேன். நம் தெருவில் பயிருக்கு மருந்து வாங்குகிறவர்கள் டப்பாவை என்னிடம்தானே கொண்டுவந்து படிக்கச் சொல்வார்கள், பக்கத்து நிலத்து அப்பாதுரை கூட ஒரு டேங்குக்கு எத்தனை மூடி மருந்து என்று என்னைக் கேட்டுத்தான் அடிப்பான், அந்தத் திமிர் எனக்கு. டியூபைத் திருப்பினேன், பொடி எழுத்தில் வரிசையாக என்னென்னவோ இருந்தது, அதில் ஒன்று நம் உரமூட்டையில் இருக்கிற அதே நாலு இங்கிலீஷ் எழுத்து. யூரியா, பத்துச் சதவீதம். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கொட்டகையில் அரை மூட்டை கிடக்கிறது, இதற்குப் போய்ப் பிள்ளை கடல் தாண்டி அனுப்பவேண்டுமா என்று உன் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

பட்டியலில் முதலாவதாக அக்வா என்று இருந்தது. அது எனக்குத் தெரியும், தண்ணீர் கேன் மேலெல்லாம் போட்டிருக்கிறானே. தண்ணீரை முதல் இடத்தில் வைத்து நம் தலையில் கட்டுகிறான் பார் என்று நினைத்து, தண்ணீரை விட்டுவிட்டேன். தொண்ணூறு கிராம் தேங்காய் எண்ணெய், பத்து கிராம் யூரியா. கணக்கு சரிதான், அதில் ஒரு குறையும் இல்லை. யூரியா கரையவில்லை, எவ்வளவு கலக்கினாலும் நறநறவென்று அடியில் நின்றது, அம்மியில் வைத்து நசுக்கினேன், அப்படியும் கரையவில்லை. அதுவும் நல்லதுதான், செத்த தோலைச் சுரண்டிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நானே தடவிவிடுகிறேன் என்று உட்கார்ந்தால் உன் அம்மா காலை இழுத்துக்கொண்டாள். "புருஷன் கையால காலத் தொடவிட்டா அந்தப் பாவத்த நான் எங்கபோய்த் தொலைக்கிறது, குடுங்க இப்படி" என்று வாங்கி அவளே ஒன்பது நாள் பரபரவென்று தேய்த்தாள். எரிகிறதா என்று தினமும் கேட்டேன். ஒன்றும் எரியவில்லை என்றாள். எரியாவிட்டால் ஒத்துக்கொண்டது என்று அர்த்தம் பண்ணிக்கொண்ட மடையன் நான்.

மாசியில் மயானக் கொள்ளைத் திருவிழாவுக்கு மேல்மலையனூர் போக உன் சித்தி பொன்னி திண்டிவனத்திலிருந்து வந்தாளே, அவள்தான் சிமெண்டுத் தரையில் சிவப்பான கால் தடத்தைப் பார்த்தாள். "இன்னாக்கா இது, கால்ல இம்மாம் பெரிய ஓட்டய வெச்சிக்கினு நீ பாட்டுக்கு நடந்துக்கினு கீறியே" என்று அவள் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. உன் அம்மா அப்போதுதான் குனிந்து பார்க்கிறாள். விழுப்புரத்தில் டாக்டர் அவளைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார், மெல்லிய நைலான் நரம்பு ஒன்றை எடுத்து, படும்போது சொல்லும்மா என்று காலில் ஒவ்வொரு இடமாகத் தொட்டார். மேல் பாதத்தில் தொட்டதும் ஆங் என்றாள். குதிகாலில் தொட்டார். அவள் பேசவில்லை. அந்த நரம்பு வளைகிற மாதிரி அழுத்தினார், இன்னும் கண்ணை மூடிக்கொண்டு, எப்போது தொடுவார் என்று அவள் காத்துக்கொண்டே இருந்தாள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன் பாப்பா. சர்க்கரையில் காலின் உணர்ச்சி போய்விட்டது, இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் எலும்புக்கே போயிருக்கும் என்றார் டாக்டர்.

அன்று சாயந்திரம் நீ போன் பண்ணி எப்படி வந்தது என்று கேட்டபோது உன் அம்மா கொஞ்சமும் யோசிக்கவில்லை, நீங்க அனுப்புன கிரீம் சேரல போலக்கீது என்று சொல்லிவிட்டாள். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ அழுதாய், கடைக்காரனிடம் போய்ச் சண்டை போட்டாய், நாலு நாள் மாப்பிள்ளையோடு பேசாமல் இருந்தாய், எல்லாம் தெரியும். மாப்பிள்ளை எனக்குப் போன் போட்டு, மன்னிச்சிடுங்க மாமா, நான்தான் சரியா பார்க்காம வாங்கிட்டேன் என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா, பரவாயில்லை மாப்பிள்ளை, தெரியாமத்தானே என்றேன். தப்பே செய்யாத பிள்ளையை மன்னித்த வாய் இது, அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. ஏன் பொய் சொன்னாய் என்று உன் அம்மாவைக் கேட்டால், "மாப்ள எதிர்ல உங்கள தலை குனிஞ்சி நிக்கச் சொல்றீங்களா, கால் என்னுதுதானே, நான் பாத்துக்கறேன்" என்கிறாள்.

அப்புறம்தான் காலி டியூபை எடுத்துக்கொண்டு கண்டாச்சிபுரத்தில் மெடிக்கல் வைத்திருக்கிற கவிதாவிடம் போனேன். அந்தப் பெண் பொறுமையாக எனக்குப் படித்துக் காட்டியது. எது அதிகமோ அதைத்தான் முதலில் எழுதுவார்களாம், கீழே போகப்போக அளவு குறையுமாம். தண்ணீர் முதலில் இருப்பது ஏமாற்ற இல்லை, யூரியா தண்ணீரில்தான் கரையும், எண்ணெயில் கரையவே கரையாது என்றது. நான் ஏமாற்று என்று விட்டுவிட்ட அந்தத் தண்ணீர்தான் மருந்தை மருந்தாக வைத்திருந்தது. கிளிசரின் ஈரத்தைப் பிடித்துவைக்கும், வாசலின் மாதிரி வழவழப்புச் சாமான் அந்த ஈரம் வெளியே போகாமல் மூடும், தண்ணீர் சேர்ந்தது கெட்டுப்போகும் என்பதால் கடைசியில் துளியூண்டு கெடாமல் இருக்க ஒரு சாமான். உர யூரியாவில் வேப்பெண்ணெய் பூசியிருக்கும், அது பயிருக்கு, இது உடம்புக்காகச் சுத்தம் பண்ணினது, பெயர் ஒன்று என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடுமா, நீங்க விவரமானவர் ஆச்சே மாமா என்றது. விவரமானவர் என்றதும்தான் எனக்குச் சுருக்கென்றது.

இப்போது உன் அப்பா டப்பா கண்ட இடத்தில் திருப்பிப் படிக்கிற ஆளாகிவிட்டேன். உன் சித்தி பொன்னி பியூட்டி பார்லரில் வாங்கி முகத்தில் பூசுகிற வெள்ளை டப்பாவில் ஒரு எழுத்தும் இல்லை, என்ன இருக்கிறது என்று எழுதாத எதையும் பூசாதீர்கள் என்று கவிதா சொன்னதைச் சொல்லித் தூக்கிப் போடச் சொன்னேன், ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நீயும் வீடியோவில் காட்டினாயே, அலமாரியில் ஆறு பாட்டில், அத்தனையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசாதே, குழந்தைக்கு வாசனை போட்ட கிரீம் வேண்டாம். இதையும் அப்பா பேச்சு என்று விட்டுவிடாமல் அங்கே ஒரு டாக்டரைக் கேட்டுக்கொள், என் வைத்தியத்தின் லட்சணம்தான் தெரிந்துவிட்டதே.

புண் மூடினபிறகு தினமும் சாயந்திரம் நான்தான் உன் அம்மா காலைக் கழுவித் துடைத்து, அடிப்பாதத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்து, விரல் இடுக்கை விட்டுவிட்டுக் கிரீம் போடுகிறேன். முதல் நாள் காலை இழுத்துக்கொண்டு அழுதாள், பாவம் பாவம் என்றாள், அந்தப் பாவத்தை நான் ஏற்கெனவே பண்ணியாயிற்று, இது அதைக் கழிக்கிறது என்றேன், அப்புறம் விட்டுவிட்டாள். ஆனால் குதிகாலில் என் கை படுவது அவளுக்குத் தெரியவில்லை பாப்பா. நான் தடவிக்கொண்டிருக்கும்போதே முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, ஆரம்பிச்சிட்டீங்களா என்று கேட்கிறாள். இன்னும் இல்லை என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் தடவுகிறேன்.

மாப்பிள்ளையிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல், வார்த்தையை மாற்றாமல் மன்னிப்பு என்றே சொல். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்கவேண்டும், குழந்தைக்கு என் முத்தம். ஒன்றே ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். அதே பத்துச் சதவீதக் கிரீம் கவிதா கடையிலேயே கிடைக்கிறது, அதைத்தான் இப்போது போடுகிறேன், குறை ஒன்றும் இல்லை. இருந்தாலும் ஊருக்கு யாராவது வந்தால் மாப்பிள்ளை வாங்கின அந்த டியூபே ஒன்று கொடுத்து அனுப்பு. போனில் இதைப் பற்றிப் பேசவேண்டாம், உன் அம்மா சங்கடப்படுவாள். அந்த டியூப் கைக்கு வந்தால் நீங்கள் இரண்டு பேரும் என்ன நினைக்கிறீர்கள் என்று நான் தெரிந்துகொள்வேன்.

இப்படிக்கு,
தண்ணீரை விட்டுவிட்ட உன் அப்பா,
பச்சைமுத்து