அவர் உயிரோடு இருந்த பதினாறு நாட்கள்

அடியே,

பிரிண்டரிலிருந்து சூடாக வந்த தாளின் மை வாசனை இன்னும் கடையை விட்டுப் போகவில்லை, அதற்குள் ஆள் கிடைத்துவிட்டார்! உன்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று பரபரக்கிறது. இரும்பை கிராமத்துப் பக்கம் ஒரு பெரியம்மா, ஞாபகம் தப்பியவர், காலையில் வீட்டை விட்டு எங்கோ நடந்துவிட்டார். மகன் போட்டோவோடு என் கடைக்கு ஓடிவந்தார். நோட்டீஸ் அடித்தேன், வாட்ஸ்அப் குழுக்களிலும் போட்டேன். கொஞ்ச நேரத்திலேயே ஒருவர், "மருமகதான் தொரத்தி உட்டுருக்கும்" என்று எழுதினார். உடனே அவருக்குப் போன் போட்டேன்.

"நேர்ல பாத்தீங்களாண்ணே?"

"இல்லம்மா, சும்மா ஒரு கெஸ்தான்."

"அப்போ அழிச்சிடுங்க. இப்பவே."

அழித்துவிட்டார்! மதியத்துக்குள் கோட்டக்குப்பத்திலிருந்து அழைப்பு. ஒரு பிரியாணிக் கடை வாசலில் அம்மா சமர்த்தாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாராம். அந்த மகன் குதித்த குதியில் எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது.

உன் புருஷன் காணாமல் போனபோதும் இதே கடையில்தான் நோட்டீஸ் அடித்தோம். உப்பளத்து மோட்டாருக்குச் சாமான் வாங்கத் திண்டிவனம் போனவர் திரும்பவில்லை. போலீசில் எழுதிக் கொடுத்தோம். நான்காம் நாள் அந்த வீடியோ வந்தது. நம்மை யாரென்றே அறியாத எவனோ ஒருவன், நீ வேலை செய்த உப்புப் பாத்தியின் படத்தில் சிவப்பு அம்புக்குறி போட்டு, 'உப்புக்குள் புதைக்கப்பட்டாரா கணவர்?' என்று கேட்டிருந்தான். அதற்கு முந்தின வாரம் நீங்கள் சண்டை போட்டீர்களாம். ஆள் காணாமல் போயும் நீ அழவில்லையாம். அவ்வளவுதான் அவனிடம் இருந்த ஆதாரம்.

மறுநாள் உப்பளத்துக்குப் பைக்குகள் வந்தன. செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி வரப்பில் இறங்கியவர்கள், உப்பு விளைந்து கிடந்த பாத்தியைக் கம்பியால் குத்திப் பார்த்தார்கள். "ஏம்பா, தேடுறதுன்னா வெளியில போய் தேடுங்கப்பா! என் ஆளு இங்க இல்ல!" என்று கத்தினாய். அதையும் படம் பிடித்து, 'கோபத்தைப் பாருங்கள்' என்று போட்டார்கள். முதலாளி, "கொஞ்ச நாளைக்கு வராதம்மா" என்று சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்திலிருந்து பாதியில் திரும்பிய உன் மகள், "அப்பாவ என்னம்மா பண்ணே?" என்று கேட்டாள். அன்றைக்குத்தான் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து நீ அழுதாய்.

விடிந்ததும் வந்து நின்று, "இன்னும் அம்பது நோட்டீஸ் அடிடி" என்றாய். பசை வாளியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாய். தினமும் ஏறினாய். செங்கல்பட்டு வரை ஒரு பஸ் நிலையத்தை விடவில்லை. உன் முகத்தை வீடியோவில் பார்த்திருந்தவர்கள் பக்கத்து சீட்டிலிருந்து எழுந்து போனார்களாம்.

பதினாறாம் நாள், உச்சி வெயில். நோட்டீஸில் இருந்த என் கடை நம்பருக்கு ஒரு பெண் பேசினாள். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்பவள். "அக்கா, பஸ் ஸ்டாண்டு செவுத்துல பாத்தேன். இவரு எங்க வார்டுலதான் இருக்காரு. தலையில அடி, பேச்சு வரல. ஆனா கண்ணு முழிச்சிட்டாரு!"

ஸ்கூட்டியை எப்படி ஓட்டினேனோ! நீ வாளியோடு பஸ்ஸுக்கு நின்றிருந்தாய். "உயிரோட இருக்காருடி!" என்று தூரத்திலிருந்தே கத்தினேன். வாளியைப் போட்டுவிட்டு நடுரோட்டில் ஓடிவந்தாய். உப்பு லாரி ஒன்று பிரேக் அடித்து நின்றது. திட்ட வாயெடுத்த டிரைவர், விஷயம் தெரிந்ததும் ஊருக்கே கேட்க ஹாரன் அடித்துக்கொண்டே போனார்.

பிறகு திண்டிவனத்து டீக்கடைக்காரர் ஒருவர் சொன்னாரே, ஞாபகம் இருக்கிறதா? "வண்டி இடிச்சு, ஆம்புலன்ஸ்ல ஏத்துனத நானே பாத்தேம்மா. சொல்லலாம்னுதான் இருந்தேன். உப்புக்குள்ள பொதச்சிட்டாங்கன்னு வீடியோ வந்ததும், நான் பாத்தது வேற ஆளுன்னு உட்டுட்டேன்." நாங்கள் எல்லோரும் அவரைச் சாகடித்துப் பேசிக்கொண்டிருந்த நாட்களில், அவர் பெயர் இல்லாமல் ஒரு கட்டிலில் கிடந்தார்.

'நாங்கள்' என்று தெரிந்துதான் எழுதுகிறேன். அவர் தேறி நடக்கத் தொடங்கிய பிறகு ஒரு சாயங்காலம் உன்னிடம் சொல்லிவிட்டேன்.

"அந்த வீடியோவ நானும் அனுப்பினேன்டி. நம்ம மகளிர் குரூப்புல. உண்மையா இருக்குமோன்னு கேட்டு."

நீ சிரித்தாய். "தெரியும். எனக்கே அது உன் நம்பர்லேருந்துதான் வந்துச்சு. நானும் அந்த குரூப்புலதானே இருக்கேன்."

"அப்புறம் ஏண்டி தெனம் என் கடைக்கு வந்தே?"

"நோட்டீஸ் வேணுமே. அவரு கெடைக்கணுமே."

அதற்கு மேல் ஒரு வார்த்தை நீ கேட்கவில்லை. போன மழைக்காலத்தில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோகும் வரை கேட்கவே இல்லை.

இப்போது எதை அனுப்பும் முன்பும் அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒருமுறை பெயர்களைப் பார்த்துவிடுகிறேன். உன் பெயர் இன்னும் இருக்கிறது. யாரும் நீக்கவில்லை. நானும் நீக்க மாட்டேன்.