இயந்திரத்தை நிறுத்த வேண்டாம், அதன் கால்களைக் கவனியுங்கள்

அனுப்புநர்:
டப்பா மூடிப் பட்டறையோடு பின்சுவரைப் பொதுவாகக் கொண்ட வீட்டில் குடியிருக்கும் மூதாட்டி
(படிப்பு: ஐந்தாம் வகுப்பு)

பெறுநர்:
உயர்திரு பொறியாளர் அவர்கள்,
தொழிற்கூட ஒலிக் கட்டுப்பாட்டு அலுவலகம்.

பொருள்: மூடிப் பட்டறையின் பெரிய பிரஸ் இயந்திரத்தை நிறுத்தும் ஆணையைத் தள்ளிவைத்து, அதன் அதிர்வை அடியிலேயே அடக்க உத்தரவிடக் கோருதல் தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா,

எழுதுகிறவள் யார் என்று தெரிந்தால்தான் எழுத்தை நம்புவீர்கள் என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மூத்த பேரன் பெரிய மருத்துவமனையில் செவிலியர். ஊசி என்றால் அவனே வரட்டும் என்று நோயாளிகள் காத்திருக்கிறார்கள். இரண்டாமவன் பேருந்து ஓட்டுகிறான். இன்றுவரை ஒரு கோழியின் மேல்கூட ஏற்றியதில்லை. மகள் வயிற்றுப் பேத்தி கணக்கில் பள்ளிக்கே முதல். கடைக்குட்டிப் பேத்தி பிரஸ் மெக்கானிக். தகரம் வெட்டும் இயந்திரத்தில் அச்சு மாட்டுவது, பழுது பார்ப்பது எல்லாம் அவள் கைதான். அந்தப் பட்டறையில் அந்த வேலைக்கு வந்த முதல் பெண்பிள்ளை அவள்.

எந்தப் பட்டறை என்று கேட்பீர்கள். அடுத்த மாதம் முதல் தேதியோடு பெரிய பிரஸை நிறுத்தச் சொல்லித் தாங்கள் ஆணை அனுப்பியிருக்கிறீர்களே, அதே பட்டறைதான். "பெரிய பிரஸ் நின்னா உனக்கு இங்க வேலை இல்லம்மா" என்று முதலாளி அவளிடம் வருத்தத்தோடு சொல்லிவிட்டார். ஆகவே பாட்டி பேத்திக்காகப் பேசுகிறாள் என்று யாராவது சொன்னால், ஆம், பேசுகிறேன். ஆனால் அந்த இயந்திரத்துக்கு எதிராக எங்கள் தெரு கொடுத்த புகாரில் முதல் கையெழுத்தும் என்னுடையதே. அந்தப் புகாரை நான் திரும்பப் பெறவில்லை. சத்தம் போக வேண்டும், இயந்திரம் இருக்க வேண்டும். இரண்டும் நடக்கும் என்பதற்கு நான் கண்டறிந்த சாட்சியங்களைக் கீழே வைக்கிறேன்.

1. தகரத் தகட்டை டப்பா மூடிகளாக அடித்துத் தள்ளுவது அந்த பிரஸின் வேலை. ஒவ்வொரு அடிக்கும் எங்கள் வீடு ஒருமுறை திடுக்கிடும். அலமாரித் தட்டுகள் தமக்குள் ஏதோ வம்பு பேசிக்கொண்டிருக்கும். புகாரின் பேரில் தங்கள் அலுவலர்கள் வந்து தெருவில் ஒலியை அளந்து, உயரமான சுவர் எழுப்பிப் பஞ்சுப் பலகை பதிக்கச் சொன்னார்கள். முதலாளியும் அப்படியே செய்தார். தெருவில் சத்தம் குறைந்தது உண்மை. எங்கள் வீட்டுக்குள் ஒரு பொட்டுக்கூடக் குறையவில்லை.

2. எதிர்வீட்டுத் தையற்காரம்மா "சுவரைக் காட்டி ஏமாத்திட்டான்" என்றார். முதலாளியோ, "வானம் வரைக்குமா சுவர் எழுப்ப முடியும்? நீங்களே சொல்லுங்கம்மா" என்று என்னிடம் வந்து நின்றார். இருவர் முகத்தையும் பார்த்தேன். இருவரும் பொய் சொல்லவில்லை. அப்படியானால் சத்தம் எந்த வழியாக வருகிறது? அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

3. என் கணவர் நெசவாலையில் தறி மெக்கானிக்காக இருந்தவர். அங்கேயே காதைக் கொடுத்துவிட்டு வந்தார். காதில் கருவி மாட்டாவிட்டால் பக்கத்தில் பானை உடைந்தாலும் தெரியாது. ஒருநாள் காலை, கருவியைத் துடைத்து மேசைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் இருந்தவர், "பட்டறைய ஆரம்பிச்சிட்டான் பாரு" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கருவியை மாட்டிவிட்டு, "காது கேக்காத மனுஷனுக்கு அது மட்டும் எப்படிங்க கேட்டுச்சு?" என்றேன். "யாருடி கேட்டது? குதிகால்ல தெரியுது" என்றார்.

ஐயா, சத்தம் காற்று வழியாக வரவில்லை. தரை வழியாக வருகிறது என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது. சுவர் எழுப்பியது, வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதை.

4. அதன்பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. எல்லாச் சன்னல்களையும் அடைத்துப் பார்த்தேன், மாற்றமில்லை. டம்ளரில் தண்ணீர் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு அடிக்கும் வட்டம் எழும்பிற்று. கட்டில்கால்களின் அடியில் போர்வையை மடித்து வைத்தேன். கட்டில்மேல் வைத்த டம்ளரில் வட்டம் மெலிந்தது. "வீட்டுக்குள்ள என்ன ஆராய்ச்சி நடக்குது?" என்று கணவர் கேலி செய்தார். செய்யட்டும் என்று பேத்தியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கட்டிலுக்கு வைப்பதைவிட அதிர்கிறவனின் காலுக்கே வைத்தால் தெருவுக்கே ஆகுமே என்று அவள் சொன்னாள். சொன்னவள், முதலாளியிடம் அனுமதி வாங்கி, விடுமுறை நாளில் பிரஸைத் தூக்கி நிறுத்தி, அதன் நான்கு கால்களின் அடியிலும் தடித்த ரப்பர் துண்டுகளை வைத்தாள்.

5. இங்கே ஒரு தவறு நடந்தது. தங்கள் அலுவலர்கள் ரப்பர் வைத்த மறுநாள் பகலில் பட்டறைக்கு வந்து பார்த்து, இதுவும் பலிக்கவில்லை என்று எழுதியதற்குக் காரணம் அதுவே என்பதால் விரிவாகச் சொல்கிறேன். அன்று மாலை பேத்தி வந்து, "தாத்தா, இப்ப எப்படி?" என்று ஆசையாகக் கேட்டாள். "முன்னைக்கு இப்ப குதிகால்ல இன்னும் நல்லாவே தெரியுதும்மா" என்றார் அவர். பிள்ளையின் முகம் வாடிவிட்டது.

தான் செய்தது இன்னதென்று எனக்குக் காட்டுவதற்காக, சமையல் மேடையில் ஒரு துண்டை மடித்துப் போட்டு, அதன்மேல் மிக்ஸியை வைத்து ஓட்டினாள். பக்கத்து டம்ளரில் தண்ணீர் அசையவில்லை. "இதேதான் பாட்டி செஞ்சேன். அப்புறம் தரை போல்ட்டையெல்லாம் ஸ்பேனர் நகராத அளவுக்கு முறுக்கினேன்" என்று, அதைக் காட்ட ஓர் இரும்புக் கரண்டியை மிக்ஸியோடு சேர்த்து மேடையில் அழுத்தினாள். டம்ளரில் வட்டம் வந்தது. இருவரும் டம்ளரைப் பார்த்தோம். "அய்யய்யோ பாட்டி" என்றவள் செருப்பைக்கூட மாட்டாமல் பட்டறைக்கு ஓடினாள்.

ஐயா, மெக்கானிக்குகளுக்குத் தளர்ந்த போல்ட் என்பது மானக்கேடு. அந்தப் பழக்கத்தில்தான் முறுக்கிவிட்டாள். ரப்பர் நடுவில் இருந்தும், போல்ட் என்ற இரும்பு வழியாக அதிர்வு நேராகத் தரையில் இறங்கிவிட்டது. படுக்க மெத்தை போட்டுவிட்டு, படுத்தவனைத் தரையோடு சேர்த்து ஆணியடித்தால் மெத்தை என்ன செய்யும்?

6. பிறகு ஒவ்வொரு போல்ட்டுக்கும் ரப்பர் உறை போட்டு, நட்டின் அடியிலும் ரப்பர் வாஷர் கொடுத்து, இயந்திரம் நகராத, ஆனால் இரும்பும் இரும்பும் தொடாத அளவுக்கு முறுக்கினாள். பிரஸிலிருந்து சுவருக்குப் போகும் காற்றுக் குழாயிலும் நடுவில் ஒரு ரப்பர்க் குழாய்த் துண்டைச் சேர்த்தாள். மறுநாள் என் கணவர் காதுக் கருவியை மாட்டாமலே செய்தித்தாளை விளம்பரம் உட்படப் படித்து முடித்துவிட்டு, "என்ன, பட்டறைக்கு இன்னிக்கு லீவா?" என்றார். அந்நேரம் பிரஸ் ஓடிக்கொண்டிருந்தது. பேத்திக்குத் தொலைபேசியில் சொன்னேன். "நிஜமாவா பாட்டி? தாத்தாவே சொன்னாரா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

சத்தம் முழுதும் ஒழிந்தது என்று பொய் எழுத மாட்டேன். தகடு வெட்டும் ஓசை இருக்கிறது. பட்டறைக்குள் இருப்பவர்களுக்குக் காதடைப்பான் இன்னும் வேண்டும். ஆனால் தளமும் தகடுகளும் சேர்ந்து அதிர்வது நின்றதால், முதுகுக்குப் பின்னால் யாராவது கூப்பிட்டால் இப்போது திரும்பிப் பார்க்க முடிகிறது என்கிறாள் பேத்தி. ஒரு ஜோடிக் காதை இந்த வீடு ஏற்கெனவே ஆலைக்குக் கொடுத்துவிட்டது, ஐயா. இவள் காதும் வேண்டும், இவள் வேலையும் வேண்டும் என்று நான் கேட்பது பேராசை என்றால், அந்தப் பேராசையை மன்னிக்க வேண்டும்.

7. இப்போது வைத்திருப்பவை பழைய லாரி டயரிலிருந்து வெட்டிய துண்டுகள். அவை நசுங்கத் தொடங்கிவிட்டன. இயந்திரத்தின் எடைக்கும் அடிக்கும் எவ்வளவு தடிமன், எவ்வளவு மென்மை வேண்டும், ரப்பரா சுருள்வில்லா என்பதெல்லாம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய விஷயம். மிகவும் மெத்தென்று இருந்தால் இயந்திரம் ஆடுமாம். அந்தக் கணக்கு பேத்திக்கு முழுதாகத் தெரியாது, எனக்குச் சுத்தமாகத் தெரியாது, தங்களுக்குத் தெரியும்.

ஆகவே, முதல் தேதி ஆணையைத் தள்ளிவைத்து, தாங்கள் நேரில் வந்து, ஒலியைத் தெருவில் மட்டும் அளக்காமல், அதிர்வைப் பிரஸின் காலடியிலும் எங்கள் வீட்டுத் தரையிலும் அளந்து பார்க்குமாறும், சரியான தாங்கிகளை இன்னதென்று கணக்கிட்டுச் சொல்லி, அவற்றைக் குறித்த காலத்துக்குள் பொருத்த முதலாளிக்கு உத்தரவிடுமாறும் பணிந்து வேண்டுகிறேன். அவர் பொருத்தாவிட்டால் நிறுத்துங்கள். அப்போது நானே முதல் ஆளாகக் கையெழுத்துப் போடுகிறேன். வீட்டுக்கு வரும் நேரத்தை மட்டும் முன்கூட்டிச் சொன்னால், கணவரின் காதுக் கருவியைக் கழற்றி வைத்திருப்பேன். தங்கள் கருவியோடு அவரையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பின்குறிப்பாக ஒன்று. என் முழங்கால்கள் பட்டறைப் படிகளை ஏற விடுவதில்லை. ஆகையால் அந்த இயந்திரத்தை நான் இதுவரை கண்ணால் பார்த்ததில்லை, கேட்டது மட்டும்தான். புகாரில் முதல் கையெழுத்து என்பதால் எனக்கும் வந்த ஆணை நகலோடு தாங்கள் இணைத்திருந்த படத்தில் பழைய போல்ட்டுகளும் யாரோ ஒருவருடைய முதுகும்தான் இருக்கின்றன. புதிய தாங்கிகள் பொருத்தியபின், பேத்தியைப் பக்கத்தில் நிற்கவைத்து, இயந்திரத்தின் கால்கள் தெளிவாகத் தெரியும்படி வேறு படம் எடுத்து, ஒரு பிரதியை மேற்கண்ட முகவரிக்குத் தபாலில் அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: பட்டறைப் பின்சுவர் வீடு
நாள்: மாதக் கடைசித் திங்கட்கிழமை

இப்படிக்கு,
(கையொப்பம்)
பிரஸ் மெக்கானிக்கின் பாட்டி