சொன்னதை வாபஸ் வாங்க ஒரு வார்த்தை

அன்புள்ள அப்பாவுக்கு,

முட்டிவலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன். பயப்படாதீர்கள், நல்ல செய்திதான்!

போன வாரம் எங்கள் சலவைக்கூடத்தில் பத்துப் படுக்கை விரிப்புகள் கருகிவிட்டன. சூப்பர்வைசர் அம்மா எல்லார் முன்னாலும் என்னைப் பொறுப்பில்லாதவள் என்று திட்டிவிட்டார். நேற்று மெக்கானிக் வந்து, கோளாறு மெஷினில்தான் என்று காட்டினார். உடனே அந்தம்மா எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தி, என்னைப் பார்த்து ஸ்பானிஷில் "மே ரெத்ராக்தோ" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. கூட வேலை செய்கிற தமிழ்ப் பெண்ணைக் கேட்டேன்.

"அது கோர்ட்ல பேசுற பெரிய வார்த்தைடி! வெறும் மன்னிப்பு இல்ல. சொன்னதையே வாபஸ் வாங்கிக்கிறேன்னு அர்த்தம்" என்றாள்.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை, அப்பா! பஸ்ஸில் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். பக்கத்து சீட்காரர் எழுந்து வேறு இடம் போய்விட்டார்.

கிளம்பிய அன்று வாசலில் நின்று, "இனிமே உங்களுக்கு மகளே இல்லன்னு நினைச்சுக்கோங்க" என்று கத்தினேனே, அப்பா. மே ரெத்ராக்தோ.

போர்த்திக்கொள்ள அம்மாவின் பழைய புடவை ஒன்று அனுப்புங்கள். அம்மா கட்டி அவிழ்த்ததாக இருக்கட்டும், துவைக்க வேண்டாம். ஷிப்டுக்கு மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன். நாலு வரியாவது பதில் போடுங்கள்.

உங்கள் மகள்