டனாஹர் கடைக்கு வராத சம்பந்தி

டொரண்டோ
14-10-1972

சௌபாக்கியவதி கோமதிக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் உன் அண்ணன் அழகேசன் குடும்பத்தாரும் சுகம். அயர்லாந்தில் நீயும் மாப்பிள்ளை பிரெண்டனும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும். இதுவரை செல்வி என்று எழுதிய கை இன்றுதான் முதல் முறையாக சௌபாக்கியவதி என்று எழுதுகிறது. கல்யாணத்தில் உன் பக்கத்தில் நிற்காதவன் இப்படி எழுதலாமா என்று ஒரு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் தொடங்கினேன்.

நீ அம்மாவுக்கு அனுப்பிய கடிதத்தையும் கல்யாண போட்டோக்களையும் பார்த்தேன். உன் மாமனார் டனாஹர் நடத்துவது பப், நான் நினைக்கிற பார் அல்ல என்று கல்யாணத்துக்கு முன்பே நீ இரண்டு முறை எழுதினாய். பார்க்காமல் எதுவும் சொல்லக் கூடாது என்று கோடையில் இங்கே ஒரு பாருக்கு நான் தனியாகப் போனேன். ஆண்களுக்கு ஒரு வாசல், பெண்களுக்கும் அவர்களோடு வருபவர்களுக்கும் வேறு வாசல். உள்ளே பகலிலேயே இருட்டு, ஆளுக்கொரு மேஜையில் பேச்சே இல்லை. ஒருவர் தம்ளரோடு அடுத்த மேஜைக்கு எழுந்தபோது பரிசாரகர் ஓடிவந்து அதை வாங்கித் தாமே கொண்டுபோய் வைத்தார், இங்கே சட்டம் அப்படியாம். இப்படி ஒரு இடத்திலா என் மகள் வாழப் போகிறாள் என்று பயந்து, கேட்ட ஆரஞ்சு ஜூஸைக்கூடக் குடிக்காமல் திரும்பி, சாராயக்கடைக்காரர் சம்பந்தம் வேண்டாம், நாங்கள் யாரும் வரமாட்டோம் என்று அன்றே உனக்கு எழுதிவிட்டேன்.

போன வாரம் அடுத்த வீட்டு மிஸஸ் ஷீஹன் போட்டோ பார்க்க வந்தார். அவர் அயர்லாந்தில் கெர்ரிக்காரர். நான் பாருக்குப் போன கதையை அம்மா சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். ஆஸ்பத்திரியைப் பார்த்துவிட்டு வீடு எப்படி இருக்கும் என்று சொல்கிறீர்களே ஐயா, இங்கே வருபவன் குடிக்க வருகிறான், எங்கள் ஊரில் பேச வருகிறான் என்றார். அவர் ஊர் பப்பில் முன்பக்கம் தேயிலை, சர்க்கரை, ஆணி விற்பார்களாம். தெருவில் சவ ஊர்வலம் போனால் திரையை இறக்கிக் கதவைச் சாத்துவார்களாம். பிறகு போட்டோவில் உன் மாமனார் கோட்டில் குத்தியிருந்த சின்னப் பதக்க ஊசியைக் காட்டி, இது குடிப்பதில்லை என்று சத்தியம் செய்தவர்கள் குத்துவது, உங்கள் சம்பந்தி ஒரு சொட்டும் தொடாதவர் என்றார். ஒரு கடையப் பாத்துட்டு ஒரு தேசத்துக்கே தீர்ப்பு சொல்லியாச்சு என்றாள் அம்மா.

ஆனால் என்னை உடைத்தது நீ எழுதியிருந்த வேறொன்று. கல்யாண விருந்தன்று உன் மாமனார் பாட்டில் அலமாரிகளை வெள்ளை மேஜைவிரிப்புகளால் மூடிவைத்தாராமே, பெண்ணின் அப்பா மனம் மாறிக் கடைசி நேரத்தில் வந்தால் கூச்சப்படக் கூடாது என்று. செத்தது யார், பாட்டில்களா என்று ஊரார் கேலி செய்தும் சாயங்காலம் வரை எடுக்கவில்லையாமே. அந்த இடத்தில் அம்மா படிப்பதை நிறுத்திவிட்டாள்.

அடுத்த ஜூனில் நாங்கள் வரலாமா கோமதி? முதலில் உன்னைக் கேட்கிறேன், பிறகு நீ அவரைக் கேள். எதையும் மூட வேண்டாம், வழக்கமாக வருபவர்கள் வரட்டும், நான் ஒரு ஓரமாக டீ குடித்துக்கொண்டிருப்பேன். அங்கே ஒவ்வொருவராக எல்லோருக்கும் குடிக்க வாங்கித்தருவது வழக்கமாம், என் முறை வரும்போது எப்படிச் சொல்ல வேண்டும் என்று மாப்பிள்ளையைக் கேட்டு எழுது. நாலு பேர் முன்னால் குரல் எழுப்பி எனக்குப் பழக்கமில்லை. சாராயக்கடைக்காரர் என்று நான் எழுதிய அந்த வார்த்தை உன் மாமனாருக்கு இன்னும் தெரியாது என்றால் நீ சொல்லாதே, நானே நேரில் சொல்லிக்கொள்கிறேன்.

அங்கே ஈரக்காற்று, டியூட்டிக்குப் போகும்போது காதைக் கட்டிக்கொள். நீங்கள் இருவரும் நீண்ட நாள் ஒற்றுமையாக வாழ வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே. நான் வருவதில் உனக்கு மனமில்லையென்றால் அதற்காக அம்மாவை நிறுத்திவிடாதே. கூறைப்புடவையை மடித்து வைத்துக்கொண்டு காத்திருந்தவள் அவள், போக வேண்டாம் என்றவன் நான்.

இப்படிக்கு,
உன் அப்பா
சுப்பிரமணியன்