பித்தளை வளையம்

நோரிஸ் ரோடு,
சிங்கப்பூர்
6-8-1961

அன்புள்ள அத்தானுக்கு ரத்தினம் எழுதிக்கொள்வது.

முழங்கால்வலியைத் தவிர மற்றபடி நான் சுகம். வெள்ளிக்கிழமை தவறாமல் காளியம்மன் கோயிலில் உங்கள் பேருக்கு அர்ச்சனை செய்கிறேன். ஐயருக்கு உங்கள் நட்சத்திரம் மனப்பாடமாகிவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொல்லிவிடுகிறார்.

போன கப்பலில் உங்கள் கடிதம் இல்லை. அதற்கு முந்தின கப்பலில் ஆறு வரி வந்தது. அந்த ஆறில் மூன்று வரி மழையைப் பற்றி. கிறிஸ்மஸ் தீவில் மழை பெய்தால் எனக்கென்ன, பெய்யாவிட்டால் எனக்கென்ன?

மில்லில் என்னை மிளகாய் அரைக்கும் பக்கம் போட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்து முகம் கழுவினால் கண் எரிகிறது, கழுவாவிட்டாலும் எரிகிறது.

செவ்வாய்க்கிழமை அலீம் தம்பி வந்திருந்தார். மறுபடியும் ராக்கெட் கட்டுகிறாராம். அதுவும் இரண்டு அடுக்கு. ஏப்ரலில் ரஷ்யாக்காரன் வானத்துக்குப் போய் வந்ததிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. "அந்தாளு உலகத்தையே சுத்திட்டு வந்துட்டான். நாம ஒரு தென்னமரத்தத் தாண்டலன்னா வெக்கம் லா, அக்கா" என்கிறார். வலது கையில் இரண்டு விரல் இன்னும் மடங்குவதில்லை. கத்தரிக்கோல் பிடிக்க முடியாததால் டன்லப் ஸ்ட்ரீட் கடையில் துணி வெட்டுவதெல்லாம் அவர் தம்பிதான். இவர் மிஷினில் உட்கார்ந்து தைப்பதோடு சரி. அந்தக் கையோடு வந்து, ராக்கெட் அளவெல்லாம் எழுதிய உங்கள் நீல நோட்டைக் கேட்கிறார்.

போன தடவை இணைப்பு வளையம் இறுக்கமாகிப்போனதால்தான் மேல் அடுக்கு பற்றவில்லை என்று நீங்கள் அவரிடம் சொல்லிவிட்டுக் கப்பல் ஏறினீர்கள். அதனால் இந்த முறை வளையத்தை லூசாக வைக்கப்போகிறாராம். நோட்டும் அந்தப் பழைய பித்தளை வளையமும் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. கொடுக்கட்டுமா, வேண்டாமா?

இன்னொன்று. பிப்ரவரியோடு உங்கள் இரண்டு வருஷம் முடிகிறது. வருகிறீர்களா? இதற்கு மழையைப் பற்றிப் பதில் எழுத வேண்டாம்.

உங்கள்
ரத்தினம்மா


கிறிஸ்மஸ் தீவு
3-9-1961

அன்பு ரத்தினத்துக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்காலுக்கு நல்லெண்ணெயைச் சூடு பண்ணித் தேய். மில்லில் தலைக்கும் மூக்குக்கும் துணி கட்டிக்கொள்.

இங்கே எல்லாம் வெள்ளைத் தூள். பாஸ்பேட் மண்ணை வெட்டிக் கப்பலில் ஏற்றும் பெல்ட்டுக்கு நான்தான் வைத்தியன். ஒரு பக்கம் சரி பண்ணினால் மறுபக்கம் நின்றுவிடும். சோற்றிலும் தூள், பாயிலும் தூள். கடிதம் எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. சொல்லக்கூடாது என்றெல்லாம் இல்லை, அலுப்பு.

அலீமிடம் நோட்டைக் கொடுக்காதே. இதை விட்டுவிடச் சொல். ராக்கெட் என்ற பேச்சே எனக்கு வேண்டாம். ஒரு காலத்தில் ஞாயிற்றுக்கிழமைக்காகவே மற்ற ஆறு நாளும் வேலைக்குப் போனேன். அலீம் கடையிலிருந்து துணி சுற்றிவரும் அட்டைக் குழல், தேயிலைப் பெட்டிப் பலகையில் இறக்கை, எங்கள் பட்டறை லேத்தில் கடைந்த வளையம். ராக்கெட் மருந்தைச் சீனிப்பாகில் காய்ச்சியது உன் அடுப்பில். பதம் பார்க்க உன்னை விட்டால் ஆளில்லை. "எறக்குங்க, எறக்குங்க, முறுகிடும்" என்று நீ கத்தியது இன்னும் காதில் இருக்கிறது.

கீழ் அடுக்கு எரிந்து முடியும்போது அதன் நெருப்பு வளையத்தைத் தாண்டி மேல் அடுக்கைப் பற்றவைக்க வேண்டும். காரியமே அவ்வளவுதான். அது நடக்கவில்லை. மேல் அடுக்கு பற்றாமல் விழுந்து, எடுக்க ஓடினவன் கையில் பற்றிக்கொண்டது. வளையம் என்னுடையது, தப்பும் என்னுடையது. அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

போர்மன் இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறான். யோசிக்கிறேன்.

செல்லக்கண்ணு


நோரிஸ் ரோடு
8-10-1961

அன்புள்ள அத்தானுக்கு,

"யோசிக்கிறேன்." ஒரு மாதமாக இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு இருக்கிறேன். என்ன யோசனை என்று ஒரு வரி சேர்த்து எழுதினால் பேனா தேய்ந்தா போகும்?

நோட்டைக் கொடுக்கவில்லை. கொடுத்தால் என்ன, கொடுக்காவிட்டால் என்ன, அலீம் தம்பிக்கு அளவெல்லாம் தலையிலேயே இருக்கிறது. போன ஞாயிறு கீழ் அடுக்கை மட்டும் தனியாக விட்டுப் பார்த்தார். என்னையும் வரச் சொன்னார், போனேன். இரண்டு பஸ் மாறித் தெம்பனிஸ் மணல்பள்ளத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் முழங்கால் கெஞ்சிவிட்டது. நம் வாணத்தை நான் அடுப்படியில் பார்த்ததோடு சரி. (ராக்கெட்டை வாணம் என்றால் உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.) அது மேலே போவதை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன். உஸ்ஸென்று ஒரு சத்தம், அப்புறம் புகைக்கோடு, அதன் நுனியில் சின்னப் பொட்டாக அது. என்னை அறியாமல் கை தட்டிவிட்டேன். பிறகு அலீம் தம்பி தைத்த பட்டுக்குடை விரிந்து ஆடி ஆடி இறங்கியது. இதற்காகத்தான் ஞாயிறெல்லாம் வீடு தங்காமல் ஓடினீர்களா என்று அன்றைக்குப் புரிந்தது. முன்னமே ஒரு நாள் என்னைக் கூட்டிப்போயிருக்கலாம்.

இனி இரண்டு அடுக்கையும் சேர்த்து விடப்போகிறார். தீபாவளி கழிந்து வருகிற ஞாயிறு. புது வளையம் கையால் ஆட்டினால் ஆடுகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

பிப்ரவரி விஷயம்?

ரத்தினம்மா


கிறிஸ்மஸ் தீவு
29-10-1961

ரத்தினம்,

கப்பல் இன்றே கிளம்புகிறது. அலீமை நிறுத்து. வளையம் ஆடினால் மேல் அடுக்கு சாய்ந்து பற்றும். சாய்ந்து பற்றினால் மேலே போகாது, ஆட்கள் நிற்கிற பக்கம் வரும். நான் சொன்னேன் என்று சொல். காலில் விழுந்தாவது நிறுத்து.

மற்றது பிறகு.

செல்லக்கண்ணு


நோரிஸ் ரோடு
13-11-1961

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் தீபாவளிக்கு முன்னாலேயே வந்துவிட்டது. நாலைந்து தடவை படித்தேன். அலீம் தம்பியிடம் இறுக்கம்தான் தப்பு என்றீர்கள். இப்போது லூசாக வைத்தால் ஆபத்து என்கிறீர்கள். அப்படியானால் இறுக்கம் தப்பில்லை. அது எனக்கு இரண்டு வருஷமாகத் தெரியும். இனிமேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்னொரு கை போகும், இல்லை உயிரே போகும். அதனால் எழுதுகிறேன். படித்துவிட்டு என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம் ஆயுத பூசை முடிந்த அடுத்த ஞாயிறுதானே ராக்கெட் விட்டீர்கள். பூசையன்று வீட்டிலிருந்த அரிவாள்மனை, அம்மி, உங்கள் சைக்கிள் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். ராக்கெட் மேசையில் படுத்திருந்தது. ஊரிலுள்ள கத்திக்கும் கரண்டிக்கும் வைத்துவிட்டு, ஒரு வருஷம் நீங்கள் பாடுபட்டதற்கு வைக்காமல் விடுவேனா? வளையத்தைச் சுற்றி நாலு சின்ன ஓட்டை இருந்தது. பொட்டு வைப்பதற்கென்றே அளந்து போட்டதுபோல இருந்தது. நாலிலும் சந்தனத்தை நன்றாக அழுத்தி, மேலே குங்குமம் வைத்தேன்.

அந்த ஞாயிறு சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து வளையத்தைக் கைக்குட்டையோடு அலமாரியில் வைத்தீர்கள். நீங்கள் குளிக்கப் போனபோது பிரித்துப் பார்த்தேன். நாலும் சிவப்பாக அடைத்துக் கிடந்தது. அந்த ஓட்டை எதற்கு என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஓட்டை என்றால் உள்ளே போகவோ வெளியே வரவோ ஏதோ இருக்கும் என்கிற அளவுக்குப் புத்தி இருந்தது. ஊசியால் நோண்டி எடுத்துத் துடைத்து வைத்துவிட்டேன். அன்றிரவு சோறு போடும்போது சொல்ல நினைத்தேன். மறுநாள் நினைத்தேன். நீங்கள் கப்பல் ஏறுகிற அன்று துறைமுகத்தில்கூட நினைத்தேன்.

உங்களுக்கு எழுதுவதற்கு முன் அலீம் தம்பியிடம் போய்ச் சொன்னேன். கடையில் அவர் தம்பி இல்லாத நேரம் பார்த்துத்தான் போனேன். மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். "அது மூச்சு ஓட்டை, அக்கா. உள்ளாற அடைபட்ட காத்து அது வழியாத்தான் வெளிய போவணும். அடைச்சிட்டா அந்தக் காத்தே மேல்அடுக்கத் தள்ளி விட்டுரும். நெருப்பு போய்ச் சேர்றதுக்குள்ள ரெண்டும் பிரிஞ்சிரும்" என்று நிதானமாகச் சொன்னார். அப்புறம் தன் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அழுதேன். "அழுவாதீங்க" என்றுகூட அவர் சொல்லவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

நாலாம் நாள் வீட்டு வாசலில் வந்து நின்றார். "ஞாயித்துக்கெழம வாங்கக்கா. வளையத்த இறுக்கிட்டேன். பொட்டு டப்பாவ மட்டும் வீட்டுலயே வச்சிட்டு வாங்க" என்றார். சிரிக்கவில்லை. ஆனால் என்னைக் கூப்பிட வந்தாரே, அது போதும்.

நேற்று விட்டோம். கீழ் அடுக்கு போன உயரத்தில் ஒரு கணம் புகை நின்றது. அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தேன். அப்போது மேலே இன்னொரு சத்தம். மேல் அடுக்கு பற்றி நேராகப் போனது, தென்னைக்கு மேல், பறவைக்கு மேல், கண்ணுக்கு எட்டாமல். எங்கே இறங்கியது என்று யாருக்கும் தெரியவில்லை. அலீம் தம்பி மணலில் உட்கார்ந்து அழுதார். "அண்ணன் இருந்திருக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

உங்கள் வளையத்தில் தப்பில்லை அத்தான். நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. பிப்ரவரியில் வாருங்கள். திட்ட வேண்டுமானால் நேரில் வந்து திட்டுங்கள்.

ரத்தினம்மா


கிறிஸ்மஸ் தீவு
10-12-1961

அன்பு ரத்தினத்துக்கு,

பத்து நாளாக உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன்.

எனக்குத் தெரியும். விழுந்ததை எடுத்தபோதே ஓட்டையில் குங்குமத்தைப் பார்த்தேன். அதற்கும் முன்பே, காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே பொட்டைப் பார்த்தேன். துடைக்கக் கை போனது. நீ வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாய். அவ்வளவு ஆசையாக வைத்ததை உன் கண்ணெதிரே துடைக்க மனசு வரவில்லை. தெம்பனிஸில் துடைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அங்கே போனதும் அலீம் அவசரப்படுத்தினான், மழை கறுத்திருந்தது, மறந்துபோனேன். வைத்தது நீ. பார்த்தும் விட்டவன் நான். ஆகையால் என் தப்பு என்று அலீமிடம் சொன்னதில் பொய் பாதிதான். உன் பேரை இழுக்காமல் வேறு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இறுக்கம் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். அது அவனை இன்னொரு தடவை கொல்லப் பார்த்ததே. அவனுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன்.

உன்மேல் அப்போது கோபமில்லை. மறுநாள் கைக்குட்டையைப் பிரித்தேன். ஓட்டை நாலும் சுத்தமாக இருந்தன. பித்தளையில் ஊசிக் கீறல் இருந்தது. உனக்கும் தெரியும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இன்றைக்குச் சொல்வாள், நாளைக்குச் சொல்வாள் என்று நாலு மாதம் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ குழம்பு ஊற்றினாய், நான் சாப்பிட்டேன். ஒரு பக்கம் டன்லப் ஸ்ட்ரீட்டில் அந்தக் கை, மறுபக்கம் வீட்டில் இந்த மௌனம். தாங்க முடியாமல்தான் இங்கே கையெழுத்துப் போட்டேன். ஒவ்வொரு கப்பலிலும் உன் கடிதத்தைப் பிரித்து முதலில் அந்த ஒரு வரியைத்தான் தேடினேன். நானாகக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வீம்பு.

அந்த வரி நவம்பர் முப்பதாம் தேதி வந்து சேர்ந்தது. இருபத்தெட்டாம் தேதி போர்மன் காகிதத்தை நீட்டினான். இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். போய்க் கேட்டுப் பார்த்தேன். ரத்து செய்ய முடியாதாம்.

இரண்டு நாள் ரத்தினம். இரண்டே நாள்.

என்ன எழுதுவதென்று தெரியவில்லை. நீ உன் அக்காள் வீட்டுக்குப் போவதானாலும் போ. நான் ஒன்றும் நினைக்கமாட்டேன்.

செல்லக்கண்ணு


நோரிஸ் ரோடு
7-1-1962

அன்புள்ள அத்தானுக்கு,

படித்தேன். முதலில் கோபம் வந்தது. வாசலில் நின்ற என் சிரிப்பைப் பார்த்துவிட்டு இரண்டு வருஷம் வாய் பேசாமல் இருந்தீர்களே என்று பாத்திரத்தையெல்லாம் போட்டு உருட்டினேன். கீழ்வீட்டு வள்ளிநாயகி அம்மா என்னவோ ஏதோ என்று ஏறி வந்துவிட்டார். பிறகு கோபமும் இல்லை. களைப்பாக இருக்கிறது. ஒரே அறையில் படுத்துக்கொண்டு, ஒரே விஷயத்தை இரண்டு பேரும் தெரிந்துவைத்துக்கொண்டு, எவ்வளவு கஷ்டப்பட்டு மறைத்திருக்கிறோம்!

அக்காள் வீட்டுக்கெல்லாம் நான் போகமாட்டேன். அதை எழுத உங்களுக்குக் கை எப்படித்தான் வந்ததோ.

வியாழக்கிழமை மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு உங்கள் கம்பெனி ஆபீசுக்குப் போனேன். குமாஸ்தா ஒரு யாழ்ப்பாணத்துக்காரர், பேரின்பநாயகம் என்று பெயர். உட்காரச் சொல்லி, பொறுமையாகக் கேட்டார். "ரெண்டாம் தவணை கையெழுத்துப் போட்டவைக்குக் குடும்பத்தைக் கூப்பிட வழி இருக்கு அம்மா. ஆனா அவர்தான் கேக்க வேணும். நீங்க கேட்டுச் சரிவராது" என்றார். ஒரு விண்ணப்பப் பாரம் கொடுத்தார். அதில் என் பக்கத்தை அவரே நிரப்பித் தந்தார், நான் கையெழுத்துப் போட்டேன். இந்தக் கடிதத்தோடு இருக்கிறது.

அங்கே வெள்ளைத் தூள் என்றால் இங்கே மிளகாய்த் தூள். எனக்கு எல்லாம் ஒன்றுதான்.

இன்னொரு பக்கத்தில் உங்கள் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறது. கையெழுத்துப் போடுவதில் நீங்கள் வேகமானவர் ஆச்சே! இந்தக் கப்பல் அங்கே மூன்று நாள் நிற்குமாம். அது திரும்புவதற்குள் போட்டு அனுப்புங்கள். இஷ்டமில்லையென்றால் பாரத்தைத் திருப்பி அனுப்ப வேண்டாம், காரணமும் எழுத வேண்டாம். நான் புரிந்துகொள்வேன். அதற்கப்புறம் நானும் எழுதமாட்டேன்.

உங்கள்
ரத்தினம்மா