கசப்பை வரவழைத்துக்கொண்ட கிழங்கு

இன்று காலை மொட்டை மாடியில், மண் நிரப்பிய சாக்கில் படர்ந்திருக்கும் சர்க்கரைவள்ளிக் கொடியில் ஓர் இலையைக் கிள்ளினேன். காம்பில் பால் சுரந்து விரலில் ஒட்டியது. கூடவே அந்தப் பச்சை வாசனை, லேசான காரத்தோடு. திண்டிவனத்து மாடி மெல்லக் கரைந்து, கண் கூசும் வெள்ளை உப்புக் குவியல்களும், அவற்றுக்கு இந்தப் பக்கம் நம் மணல் நிலமும் கானலில் மிதந்து வந்தன. நடுவில் நீ, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு குனிந்திருந்தாய்.

உன்னை நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன், என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி என்பதால். வயதில் நீ என்னைவிடச் சின்னவள். "நாலு பேரு எதிர்ல அக்கான்னு கூப்புடு. நம்ம ரெண்டு பேரும் இருக்கும்போது வாடி போடின்னே பேசு" என்று நீ சொன்னது எனக்குக் கல்யாணமான புதிதில். ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்ட இரண்டு பேர் அப்படிச் சிரித்துக்கொண்டு இருந்தது ஊரில் பலருக்கு ஆச்சரியம்தான்.

கடல் ஊருக்குள் வந்த மார்கழிக் காலையில் நம் வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஓடை வழியாக ஏறிய தண்ணீர் நிலத்தில்தான் நின்றது. வடிந்தபோது மண்மேல் வெள்ளை பூத்திருந்தது. வேர்க்கடலைச் செடி கருகியது. கிணற்றுத் தண்ணீர் கரித்தது. இறால் குட்டை வெட்ட நிலம் கேட்டு ஒருவர் வந்தார். விற்றுவிடலாம் என்றார் உன் வீட்டுக்காரர். அப்பா வைத்துவிட்டுப் போன நிலம், விற்கக் கூடாது என்றார் என்னுடையவர். பேச்சு முற்றி, வீட்டுக்கு நடுவே தட்டி கட்டி இரண்டு அடுப்பானது. சண்டை அவர்களுடையது. ஆனால் தட்டிக்கு இருபுறமும் நாமும் வாயடைத்துப் போனோம். உன் பக்கம் மிளகாய் வறுக்கும் நெடியில் நான் தும்முவேன். என் பக்கம் பிள்ளை அழுதால் உன் வளையல் சத்தம் சட்டென்று நிற்கும். அவ்வளவுதான் நம் பேச்சு.

அடுத்த ஐப்பசி, கார்த்திகையில் மழை விடாமல் கொட்டி மண்ணையும் கிணற்றையும் கழுவியது. உறவுக்காரர்கள் கூடி ஒரு முடிவு சொன்னார்கள்: ஆளுக்குப் பாதியாக ஒரு வெள்ளாமை வைத்துப் பாருங்கள், ஒன்றும் தேறாவிட்டால் விற்றுவிடுங்கள். பெருமுக்கல் பக்கம் உன் அம்மா வீட்டிலிருந்து நீ சர்க்கரைவள்ளிக் கொடி கொண்டுவந்தாய். மறுநாள் நான் போனபோது வரப்பின் மேல் ஒரு கட்டு இருந்தது, ஈரச் சாக்கில் சுற்றி. யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை. நட்டேன்.

தையில் நட்டது மாசியில் நிலத்தை மூடியது. விடியலில் ஊதாப் பூக்கள் பூத்து வெயில் ஏறுமுன் சுருங்கிவிடும். நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். உப்புக் காற்றில் இலைகளெல்லாம் ஒன்றாகத் திரும்பி ஒன்றாகச் சாயும். அவற்றுக்கு வரப்பு தெரியாது. அந்த நாட்களை நான் கண்ணைத் திறந்துகொண்டே கண்ட கனவு என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

பங்குனி கடைசியில் ஒரு மத்தியானம் நீ வரப்பைத் தாண்டி வந்தாய். கையில் ஒரு கிழங்கு, உள்ளே கறுத்த பொந்துகளோடு.

"செல்வி, என் பக்கம் வண்டு எறங்கிடுச்சி."

பல மாதங்களுக்குப் பிறகு என் பெயரை உன் குரலில் கேட்டேன். நீ கிழங்கில் நன்றாக இருந்த இடத்தைப் பிட்டுக் கொடுத்து, "கடிச்சிப் பாரு" என்றாய். கசப்பு நாக்கைப் பிடித்தது. துப்பினேன்.

"வண்டு போட்ட கசப்பு இல்ல இது. கடிபட்டதும் கெழங்கே வரவச்சிக்கிது, தின்ன வர்றது தின்னாம போவட்டும்னு. கொடியில பால் வருதே, அதுவும் அதுக்குத்தான்னு எங்கம்மா சொல்லும். அதால முடிஞ்சத அது செய்யுது. மாட்டுக்குக் கூடப் போட்டுடாத."

"இப்ப இன்னா பண்றது?"

"வண்டுக்கு மண்ணத் தோண்டத் தெரியாது. கெழங்கு பருக்கப் பருக்க மேடு வெடிக்குது பாரு, அந்த வழியாத்தான் எறங்குது. வெடிப்ப மூடி மண்ண அணை. தண்ணி கட்டு. இன்னிக்கே."

"உன் பாதி?"

"புடுங்கிடப் போறேன். வுட்டா அத்தனையும் உன் பக்கம் வந்துடும்."

"மாமா இன்னா சொல்வாரு?"

நீ உப்பளத்துப் பக்கம் பார்த்தாய். "அவரு விக்கத்தான் பாக்கறாரு. நான் இங்கதான் இருக்கணும். ரெண்டுல ஒரு பாதி நின்னா போதும்."

வெயில் சாயும்வரை நான் வெடிப்புகளை மூடினேன். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு உன் பக்கம் வந்தேன். கொடியோடும் கிழங்கோடும் சேர்த்து அள்ளி, உப்பு எடுத்தபின் கசடு நீர் தேங்கும் குழிக்குச் சுமந்தோம். எறும்பு போன்ற சின்ன வண்டுகள், நீலக் கருப்பு உடம்பும் சிவந்த கழுத்துமாக அந்தக் கனத்த நீரில் மிதந்தன. நீ நட்டு வளர்த்ததை நீயே மூழ்கடித்துக்கொண்டிருந்தாய். முகத்தைத் துடைத்தாய். வியர்வையா என்று நான் கேட்கவில்லை.

அன்று தட்டிக்கு அந்தப் பக்கம் மாமா கத்தினார். உன் வளையல் சத்தம் அடுப்படியில் நிற்காமல் கேட்டது.

வைகாசியில் என் பாதியை வெட்டினோம். மாமா வரப்பில் வந்து நின்றார். ஒரு கிழங்கை எடுத்து உடைத்துப் பார்த்தார், இன்னொன்றையும். பொந்து இல்லை. பிறகு, "வேக வைங்க" என்றார், யாரைப் பார்த்தும் சொல்லாமல். உன் அடுப்பில்தான் வெந்தது. நிலம் நின்றது. தட்டியை யார் அவிழ்த்தார்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிற்பாடு உன் சிறுநீரகம் கெட்டு, புதுச்சேரி ஆஸ்பத்திரியில் நீ கிடந்தபோது அதையெல்லாம் நாம் பேசிக்கொள்ளவே இல்லை. உன் கால் வீக்கத்தைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ தூங்கினாய். அப்படியே போய்விட்டாய்.

நீ போனபிறகுதான் என் மகன் ஒன்று படித்துச் சொன்னான். புழு கடித்த சர்க்கரைவள்ளி இலை ஒரு வாசனையை விடுமாம். பக்கத்துச் செடி அதை உணர்ந்து, தன்னைப் புழு தொடுமுன்னே, தின்ற புழுவுக்குச் செரிக்கவிடாத பொருள் ஒன்றைத் தன் இலையில் சேர்த்து வைக்குமாம். எல்லா ரகமும் செய்யாதாம், சில ரகங்கள்தானாம். உன் அம்மா வீட்டுக் கொடி எந்த ரகம் என்று அவன் கேட்டான். எனக்குத் தெரியவில்லை. உன்னைத்தான் கேட்க வேண்டும்.

போன மழைக்காலத்தில் இங்கே, திண்டிவனத்தில், எங்கள் வீட்டில் டெங்கு வந்தது. எதிர்வீட்டுப் பெண்ணுக்கும் எனக்கும் சாக்கடைத் தகராறில் நெடுநாளாகப் பேச்சில்லை. காய்ச்சல் இன்னதென்று தெரிந்த அன்றே போய் அவள் வீட்டு கேட்டைத் தட்டினேன்.

"எங்க வீட்ல டெங்குங்க. உங்க தொட்டியில தண்ணி தொறந்து கெடக்குது. மூடி வைங்க, கொழந்தைங்க இருக்காங்க."

அவள் கேட்டின் கொண்டியைத் தள்ளினாள்.

"உள்ள வாங்க. யாருக்குக் காய்ச்சல்?"